தண்ணீர் நிற்காத கதவு

நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். இடது கையால் எழுதியதற்காக வாத்தியார் விரல் முட்டியில் அடித்தார். சிலேட்டை அவர் மேசை மேல் வைத்துவிட்டு வந்தவன், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அந்த இடது கையால் என்னென்ன செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உடன்குடியிலிருந்து கருப்பட்டிச் சிப்பங்களைப் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுவந்து, சைக்கிளில் தெருத்தெருவாக விற்று, திருநெல்வேலி டவுனில் சொந்தக் கடை போட்டேன். மழைக்காலத்தில் கருப்பட்டி இளகி ஓடாமல் இருக்க, சரக்கு வைக்க ஒரு கிட்டங்கி கட்டினேன்; எந்த இன்ஜினியரும் வரவில்லை, நானே கயிறு பிடித்தேன். கொத்தனார் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் விட்டுப்போன மாடிப்படியை நானே கட்டி முடித்தேன். அதில் ஆறாவது படி ஒரு விரல்கடை உயரம் அதிகம் என்பார்கள். பார்த்து ஏறினால் ஒன்றும் ஆகாது. ஏரலில் ஒரு வாழைத்தோட்டத்து ஓரம் கோவைக்கொடி படர்ந்து கிடந்த வேன் ஒன்றை, இது பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்று நாலு பேர் சொன்ன வேனை, கயிறு கட்டி இழுத்துவந்து ஓடவைத்தேன். பதினெட்டு வருஷமாக ஓடுகிறது. என் ஒரே மகளைச் சமையல் தொழில் படிக்கவைத்துப் பட்டம் வாங்கவைத்தேன். யாரும் எனக்குக் கைகொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நான் மறந்திருக்க மாட்டேன்.

இத்தனையும் செய்தவனை, அதே வேனின் கதவு ஒன்று பத்து நாள் சோறு இறங்காமல் செய்துவிட்டது.

என் மகள் எங்களோடுதான் இருக்கிறாள். மருமகனுக்கு வெளிநாட்டில் வேலை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அங்கே சமைத்து, நாள்தோறும் முப்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கடையைக் குறைத்துக்கொண்ட பிறகு வேன் சும்மா நின்றதால் அதையே எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதிக்குச் சாப்பாடு கொடுக்கும் வாய்ப்பு வந்தது. நூறு பேருக்கு மேல். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒரு திங்கட்கிழமை வந்து சாம்பாரையும் அவியலையும் சாப்பிட்டுப் பார்த்தார். சாப்பாட்டில் குறை ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து வேனைப் பார்த்ததும்தான் முகம் மாறியது.

"சாப்பாடு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வண்டியில வந்து எறங்குனா பிள்ளைங்க சாப்பிடுமாம்மா?" என்றார்.

சக்கரத்துக்கு மேலே துரு தின்ற ஓட்டைகள் இரண்டு. வெள்ளை நிறம் பழைய பல் மாதிரி மஞ்சளித்திருந்தது. கதவின் கீழ் ஓரம் செதில் செதிலாக உரிந்திருந்தது. நான் தினமும் பார்க்கிற வண்டி. அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து பாக்கேன். வண்டி சுத்தமா இருந்தா ஒரு வருசத்துக்கு ஒங்களுக்குத்தான். இல்லன்னா இன்னொருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு, அவருக்குத்தான்."

அவர் போன பிறகு என் மகள் விரல் விட்டு எண்ணினாள். பத்து நாள்.

மறுநாள் எனக்குத் தெரிந்த பெயிண்டரிடம் போனேன். ஐம்பது வயசுக்காரர், முப்பது வருஷமாக வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஷெட் வைத்திருக்கிறார். ஷெட்டுக்கு வெளியே ரோடு வரை வண்டி நின்றது.

"தீவாளி வருதுல்லா அண்ணாச்சி. ஏழு வண்டி வரிசையில நிக்கி. தீவாளி கழிஞ்சுதான் ஒங்க வண்டியில கை வைக்க முடியும்."

"ஒம்ம ஷெட்டு எனக்கு வேண்டாம்வே. ஞாயித்துக்கெழமை கம்ப்ரசரையும் பெயிண்ட் அடிக்க துப்பாக்கியையும் மட்டும் தாரும். நானே அடிச்சுக்கிடுதேன்."

அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. "அண்ணாச்சி, பெயிண்ட் அடிக்கது பெரிய காரியமில்ல. அதுக்கு முந்தி இருக்க சோலிதான் சோலி. மொதல்ல தின்னரத் தொட்டுத் தொடைக்கணும். பொறவு சோப்பு போட்டுக் கழுவணும். அதுக்கும் பொறவுதான் உப்புத்தாளத் தொடணும். மாத்திச் செஞ்சிராதிய."

"வண்டியக் கழுவுததுக்கு நீரு எனக்குப் பாடம் நடத்தண்டாம்" என்று சொல்லிவிட்டு உப்புத்தாள் வாங்க நடந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவிலேயே தினமும் துடைக்கப்பட்ட வண்டி என் வண்டிதான். தகர டப்பா ஒன்றில் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து, பழைய துணி ஒன்றை ஊறப்போட்டு வைத்திருப்பேன். குளித்துவிட்டு வந்து, கடைக்குப் போகும் முன் வண்டியைச் சுற்றி ஒரு துடைப்பு. பதினெட்டு வருஷத்தில் காய்ச்சல் கண்ட நாள் தவிர விட்டதில்லை. முகம் பார்க்கலாம் போல மின்னும். அந்த யோசனையும் யாரும் சொல்லித் தந்ததில்லை, நானே கண்டுபிடித்தது. அப்படி வைத்திருந்த வண்டியை எதற்குக் கழுவ வேண்டும்? வாளித் தண்ணீரை அள்ளி வீசித் தூசியை மட்டும் போக்கிவிட்டு, புதன்கிழமை காலையில் உப்புத்தாளை எடுத்துவிட்டேன்.

தேய்க்கிற வேலையை நான் நன்றாகச் செய்தேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. விளக்கு, நம்பர் பலகை, கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் எல்லாவற்றையும் கழற்றினேன். துருவைக் கம்பி பிரஷ் போட்டு இரும்பு வெளுக்கும் வரை சுரண்டினேன். ஓட்டைக்குத் தகடு வைத்து, பட்டி பூசி, காயவிட்டேன். உப்புத்தாளை விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் விரலாகப் பள்ளம் விழும். அதனால் மாடிப்படி கட்டியபோது மிஞ்சிய தேக்குத் துண்டில் தாளைச் சுற்றிக்கொண்டேன். முதலில் முரட்டுத் தாள், பிறகு நடுத்தரம், பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற நயமான தாள். உரிந்த பெயிண்டின் விளிம்பு கைக்குத் தெரியாமல் போகும் வரை தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பேன். கண் ஏமாறும், உள்ளங்கை ஏமாறாது. நாலு நாளில் என் இடது கை விரல் நுனிகளில் ரேகை இல்லாமல் போய்விட்டது. சனிக்கிழமை ரேஷன் கடை இயந்திரம் என் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை.

தண்ணீர் தொட்டுத் தேய்க்கும்போது ஒன்றைக் கவனித்தேன். கதவில் ஊற்றிய தண்ணீர் பரவி நிற்கவில்லை. சேம்பிலையில் உருள்கிற மாதிரி முத்து முத்தாக உருண்டு விழுந்தது. நான் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியாட்டி? பெயிண்டு இன்னும் உசிரோட இருக்கு. அப்பா வச்சிருந்த லெச்சணம் அப்படி" என்றேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையோடு வந்து பார்த்து, "சரிதாம்ப்பா, வியாழக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமா?" என்று மட்டும் கேட்டாள். தினம் நாலு தடவை அதைத்தான் கேட்டாள். நானும் நாலு தடவையும் "முடியும்" என்றேன். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கூடியது, எனக்கே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயிண்டர் கம்ப்ரசரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். கல்யாண வீட்டுக்குப் போகிற அவசரம். வண்டியைச் சுற்றி வந்து, பட்டி போட்ட இடத்தில் உள்ளங்கையை ஓட்டினார்.

"நல்லாத்தான் தேச்சிருக்கிய. கழுவினியளா, அண்ணாச்சி?"

"கழுவியாச்சு."

"தின்னர் போட்டு?"

"எல்லாம் ஆச்சு. நீரு கல்யாணத்துக்குப் போம்."

அவர் போனார். நான் வேலையைத் தொடங்கினேன். கண்ணாடிகளுக்குத் தாள் ஒட்டி மறைத்தேன். அடிப்பூச்சான பிரைமரைக் கலந்து, சோதனையாக இடது பக்கக் கதவில் மட்டும் அடித்தேன். குப்பியில் கொஞ்சம் மிஞ்சியது; வீணாக்க மனமில்லாமல் ஸ்டூலில் ஏறிக் கூரையின் ஒரு மூலையிலும் அடித்தேன். சாம்பல் நிறத்தில் ஈரமாக, அழகாக விழுந்தது. கீழே இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

அப்புறம் அது விலக ஆரம்பித்தது.

முதலில் கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன வட்டம். நடுவில் பழைய வெள்ளை தெரிய, பிரைமர் அதைச் சுற்றி ஒதுங்கி நின்றது. பக்கத்தில் இன்னொன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு முழுக்க, அம்மை போட்ட முகம் மாதிரி, பள்ளம் பள்ளமாகத் திறந்தது. விரலை வைத்து அழுத்தினேன், விரல்தான் அழுக்கானது. மேலே இன்னொரு முறை அடித்தேன். அதுவும் அந்த இடங்களை விட்டு ஒதுங்கியது. கதவு மேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். ஒரு செம்பு முழுக்க.

அன்றைக்கு என் மகள் ஒரு வீட்டு விசேஷத்துக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். கொட்டகையிலிருந்து எண்ணெய்ப் புகை முற்றம் வரை வந்துகொண்டிருந்தது. அவள் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது?" என்று கேட்டபோது என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

"ஒன் அடுப்புப் புகைட்டி. எண்ணெய் ஆவி பறந்து வந்து படிஞ்சிருக்கு. இப்படிப் புகையப் போட்டா எவன் அடிச்சாலும் நிக்காது."

அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன், சத்தத்தில் போயிருக்கும். அவள் போய் அடுப்பை அணைத்தாள். திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து முப்பது பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டு, இன்றைக்குச் சாப்பாடு இல்லை என்றாள். ஒருத்தர் நன்றாக ஏசினார் போலிருக்கிறது. "மன்னிச்சுக்கோங்க சார், ஒரு நாள்தான் சார், இனிமே இப்படி ஆகாது" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரைமரைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் கொஞ்சம் அடித்துப் பார்த்தேன். கொட்டகை குளிர்ந்து கிடக்கிறது, புகை இல்லை, காற்று இல்லை. மறுபடியும் பள்ளம்.

மேற்கே பாபநாசம் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. ஐப்பசி மழை எந்த நேரமும் வரலாம். மூன்று நாள்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ஆனால் தகர டப்பாவை நான் நினைக்கவில்லையா என்று கேட்டால், நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் குடிக்கும்போதே நினைத்தேன். நினைத்ததை ஒதுக்கி வைத்தேன். பதினெட்டு வருஷம் நான் பெருமையாகச் செய்த ஒன்று வண்டியைக் கெடுத்திருக்கும் என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

மத்தியானம் பெயிண்டர் கம்ப்ரசரை எடுத்துப்போக வந்தார். கதவைப் பார்த்தார். என் மகள், "எங்க அடுப்புப் புகையால வந்திட்டு சித்தப்பா. இதச் சரிபண்ண முடியுமா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரி அவருக்கும் எனக்கும் டீ கொடுத்தாள். அவர் டீயைக் குடிக்காமல் தரையில் வைத்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக் கதவின் சுத்தமான பகுதியில் மெல்ல ஊற்றினார். தண்ணீர் உருண்டு விழுந்தது. ஸ்டூலில் ஏறிக் கூரையில் ஊற்றினார். அங்கே தண்ணீர் கண்ணாடி விரித்த மாதிரி பரவி நின்றது. அந்த மூலையில் நான் அடித்த பிரைமரும் ஒரு புள்ளி இல்லாமல் பிடித்திருந்தது. அதை நான் ஏறிப் பார்க்கவே இல்லை.

"புகை இல்ல தாயி" என்றார். "புகைன்னா மேலதான மொதல்ல படியும்? கூரை நல்லாருக்கு. கெட்டுப்போனது எல்லாம் கீழதான்."

பிறகு கதவு முழுக்கத் தண்ணீரை வீசிவிட்டு, குனிந்து சாய்வாகப் பார்த்தார். தண்ணீர் நிற்காத இடங்கள் வளைவு வளைவாக, ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிந்தன. விசிறி விரித்த மாதிரி. தன் வலது கையை அந்த வளைவில் வைத்து ஓட்டிப் பார்த்தார். பொருந்தவில்லை. இடது கையை வைத்தார். சரியாகப் பொருந்தியது.

"யாரோ எண்ணெ போட்டுத் தொடைச்சிருக்காவ. ரொம்ப வருசமா. இடது கையால. ஒசரம் இவ்வளவுதான் எட்டியிருக்கு."

சொல்லிக்கொண்டே திரும்பினார். என் டீக் கிளாஸ் என் இடது கையில் இருந்தது.

கிளாஸை வலது கைக்கு மாற்றினேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று மாற்றிய பிறகுதான் தெரிந்தது.

என் மகள் என்னைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தாள். "அந்தத் தகர டப்பாவாப்பா?" என்றாள். தன் வயசில் பாதியை அதைப் பார்த்தே கழித்தவள். "இன்னைக்கு முப்பது பேருக்குச் சோறு இல்லன்னு சொல்லிருக்கேன். அடுப்ப அணைக்க வச்சது நீங்கதான?"

"ஆமா. நான்தான்" என்றேன். கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு, "எண்ணெ போட்டதும் நான்தான். கழுவாம கழுவியாச்சுன்னு சொன்னதும் நான்தான்" என்றேன்.

என் வாழ்நாளில் நான் தூக்கிய சிப்பங்களில் எதுவும் இந்த மூன்று 'நான்தான்' அளவு கனக்கவில்லை.

என் வீட்டுக்காரிதான் அந்த இறுக்கத்தை உடைத்தாள். "சனிக்கிழம தலைக்கு எண்ணெ வைக்க வாங்கன்னா வரமாட்டாவ. வண்டிக்கு மட்டும் பதினெட்டு வருசமா எண்ணெக் குளி நடந்திருக்கு. சீயக்காப் பொடி இருக்கு, எடுத்துட்டு வரட்டா?"

"சீயக்கா வேண்டாம் மயினி" என்று பெயிண்டர் சிரித்தார். "பாத்திரம் வெளக்குத சோப்பு இருந்தாப் போதும். ஆனா பருத்தித் துணி நெறைய வேணும். எண்ணெய கழுவாமத் தேச்சதால உப்புத்தாளு போட்ட கீறலுக்குள்ள எல்லாம் எண்ணெ எறங்கிருக்கு. அத வெளிய எடுக்கணும். கம்ப்ரசர் பொதங்கெழம வரைக்கும் இங்கனயே நிக்கட்டும். அண்ணாச்சி, ஒங்க வேட்டி எத்தன இருக்கு?"

செவ்வாய்க்கிழமை காலையில் என் வேட்டிகளில் ஐந்தைக் கிழித்தோம். முதலில் நான் அடித்த பிரைமரைத் தின்னர் தொட்டுத் துடைத்து எடுத்தோம். பிறகு சோப்புத் தண்ணீரில் வண்டி முழுவதையும் கழுவி, அலசி, காயவிட்டோம். அதன் பிறகு இரண்டு துணி வேலை. ஒரு துணியில் தின்னர்; அது நனைத்துக்கொண்டே போகும். அது உலரும் முன்னே பின்னாலேயே காய்ந்த துணி வந்து எடுத்துக்கொண்டே போக வேண்டும். நான் நனைத்தேன், என் மகள் துடைத்தாள். பெயிண்டர் ஷெட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தார். துணியை வீணாக்காமல் திருப்பித் திருப்பி நான் உபயோகிப்பதைக் கண்டு, தெருவில் நின்றே கத்தினார்.

"எடுத்த எண்ணெய மறுபடியும் அங்கனயே பூசுதிய அண்ணாச்சி! ஒரு தடவ தொடைச்சா அந்தப் பக்கம் முடிஞ்சிது. தூரப் போடுங்க!"

தூரப் போட்டேன். என் கடைத் திறப்புக்குக் கட்டிய வேட்டி அது.

மகள் அன்று காலையில் முப்பது பேருக்கும் வழக்கம் போலச் சமைத்து அனுப்பிவிட்டுத்தான் வந்தாள். அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. "நனைங்கப்பா", "பையப் போங்க", "இங்கன விட்டுப்போச்சு". அவ்வளவுதான். நான் சொன்னபடி கேட்டேன். அறுபத்தெட்டு வயசில் நான் ஒருத்தர் சொன்னபடி கேட்டு வேலை செய்தது அன்றைக்குத்தான். மறுபடியும் நயமான தாள் போட்டேன், மறுபடியும் துடைத்தோம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குவளைத் தண்ணீரை ஊற்றி எண்ணினேன். பெயிண்டர் சொன்ன கணக்கு: முப்பது எண்ணும் வரை தண்ணீர் பிரியாமல் நிற்க வேண்டும். முதல் சுற்றில் நாலு எண்ணும்போதே பிரிந்தது. இரண்டாவதில் ஒன்பது. அப்புறம் பதினெட்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு வலது பக்கம் முழுவதும் முப்பது நின்றது. இடது கதவில் மட்டும் இருபத்தாறு. அவளும் பக்கத்தில் நின்று உதட்டசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னொரு வேட்டியை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தேன். அவளே கிழித்தாள்.

அதற்குப் பிறகு முப்பத்தொன்று வரை நின்றது.

புதன்கிழமை விடிந்ததுமே பெயிண்டர் வந்தார். மேகம் தலைக்கு மேலே. சீக்கிரம் காய்கிற பெயிண்ட்தான், ஆனால் நடுவில் நாலு துளி விழுந்தால் எல்லாம் போச்சு. பிரைமரை நான் அடித்தேன். கதவு முன்னால் குந்தி உட்கார்ந்து, கைப்பிடிக்குக் கீழே கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு இடத்தில், கடுகளவு, ஒரு பள்ளம். அதைப் பற்றி அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வெள்ளை அடிக்க வேண்டும். துப்பாக்கியை எடுத்தேன், கை நின்றபாடில்லை. நாலு நாள் தேய்ப்பு, இரண்டு நாள் பயம். என் மகள் கையை நீட்டினாள்.

"குடுங்கப்பா. நான் அடிக்கேன்."

தோசைக்கு மாவு சுழற்றிப் பழகிய கை. ஒரே வேகம், ஒரே தூரம், ஓரத்தில் நிறுத்தாமல் வெளியே கொண்டுபோய் விட்டாள். பெயிண்டர், "இந்தக் கைய எங்க வச்சிருந்த தாயி இவ்வளவு நாளா?" என்றார். மூன்று பூச்சு. மழை நாலு மணிக்கு வந்தது. அதற்குள் வண்டியைக் கிட்டங்கிக்குள் தள்ளிவிட்டோம். நான் கட்டிய கிட்டங்கி. அதில் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மா வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். இடது கதவுக்கு வந்து நின்று, கைப்பிடிக்குக் கீழே விரலை வைத்து ஓட்டினார். விரல் அந்தக் கடுகளவு பள்ளத்துக்கு ஒரு நூல் பக்கத்தில் போய் நின்றது. விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

"எங்க குடுத்து அடிச்சிய?"

"வீட்டுலதாம்மா. சித்தப்பா சொல்லிக்குடுத்தாவ, நான் அடிச்சேன்" என்றாள் என் மகள்.

"திங்கக்கெழமையிலிருந்து அனுப்புங்க" என்றார் அவர்.

அவள் சொன்னது பொய் இல்லை. நான் அங்கேதான், ஒரு எட்டு தூரத்தில், ரேகை இல்லாத விரல்களோடு நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுத்து எழுதுகிறவர் வந்தார். வண்டியின் பக்கவாட்டில் சமையற்கூடத்தின் பெயரைப் பச்சையில் எழுதினார். பின் கதவின் கீழ் மூலையில், என் மகள் சொன்னபடி, பெயிண்டரின் ஷெட் பெயரையும் நன்றி என்று போட்டு எழுதினார். எழுதி முடித்து பிரஷைக் கழுவப் போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு ஒன்றும் எழுதவில்லை.

ஆகவே இதை என் மகளுக்கும், இதைப் படிக்கிற சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வெள்ளை அடித்தது ஒரு நாள் வேலை. அந்த வெள்ளைக்குக் கீழே இருக்கிற ஏழு நாள் என் வேலை. துருவைச் சுரண்டியது நான், பட்டி வைத்தது நான், விளிம்பு தெரியாமல் தேய்த்தது நான். எண்ணெயைப் போட்டதும் நான், அடுப்பின் மேல் பழி போட்டதும் நான். அதை மறைக்காமல் இங்கே எழுதியிருக்கிறேன், மறுபடியும் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணெயை என் ஆறு வேட்டியால் வெளியே எடுத்ததும் நான்தான், அவளோடு சேர்ந்து. கைப்பிடிக்குக் கீழே அந்தக் கடுகளவு பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். யாருக்கும் காட்ட மாட்டேன்.

பின் கதவில் பெயிண்டர் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு சாண் இடம் காலியாக இருக்கிறது. அங்கே அடிவேலை செய்தவர் என்று போட்டு என் பெயரை எழுத வேண்டும். தலைப்பெழுத்தோடு, அதே பச்சையில். எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்று இங்கே எழுத நினைத்தேன். வேண்டாம், சின்னதாக இருக்கக் கூடாது.